வெந்தயம் மூன்று மாதச் சர்க்கரையைக் குறைக்கிறதா? வீட்டில் முறையாகச் சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் சர்க்கரை நோய் இல்லாத தெரு இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்கு 26.3 பேருக்குச் சர்க்கரை நோய் என்று புதுச்சேரி, கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாம் இடத்தில் நின்றது. அதனால் ஒருவருக்கு நோய் என்று தெரிந்த அன்றே வெந்தயம் ஊற வைக்கச் சொல்லும் பக்கத்து வீட்டாரும் இங்கு எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். என் அம்மாவுக்கும் அப்படித்தான் தொடங்கினோம். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஏ1சி என்ற இரத்தச் சோதனையின் எண், நான்கு மாதத்தில் 8.4இலிருந்து 7.6க்கு இறங்கியது. வெந்தயத்தின் வேலைதான் என்று நம்பி, உறவினர் பலருக்கும் அதையே சொன்னேன்.

அடுத்த முறை பார்த்த மருத்துவர் இரண்டு அறிக்கைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அம்மா, சர்க்கரையை மட்டும் பாக்காதீங்க, கீழ இந்த வரியையும் பாருங்க," என்று விரலை வைத்துக் காட்டினார். முதல் அறிக்கையில் ஹீமோகுளோபின் 8.3, இரண்டாவதில் 11.7. இடையில் அம்மா இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டிருந்தார். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை இருந்தால் ஏ1சி உண்மையைவிட உயர்ந்து காட்டும். சோகை சரியானால் அது தானாகவே இறங்கும். போதாக்குறைக்கு இரண்டு சோதனைகளையும் இரண்டு வெவ்வேறு ஆய்வகங்களில் எடுத்திருந்தோம், நடுவில் இரவுச் சோற்றைச் சப்பாத்தியாகவும் மாற்றியிருந்தோம். இறங்கியதற்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாத நிலை. கிட்டத்தட்ட ஒரு வருடம் வீணானது.

பிறகு அதையே ஒழுங்காகத் திரும்பச் செய்தோம். அப்போது கற்றுக்கொண்டவைதான் கீழே உள்ளவை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையோடு வெந்தயத்தையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று யோசிக்கும் டைப் 2 சர்க்கரை நோயாளிகளுக்காகவும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்காகவும் எழுதுகிறேன். மாத்திரைக்குப் பதிலாக வெந்தயம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

1. எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வெந்தயத்தின் கோதுக்கு உள்ளே இருக்கும் வழவழப்பான நார்ச்சத்து, தண்ணீரில் ஊறிக் கூழாகி, சாப்பாட்டில் உள்ள மாவுச்சத்து குடலில் உறிஞ்சப்படும் வேகத்தைக் குறைக்கிறது. அதன் முதன்மையான வேலை இதுதான். பத்துச் சோதனைகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்றில், வெந்தயம் சாப்பிட்டவர்களின் ஏ1சி சராசரியாக 0.85 புள்ளி குறைந்திருந்தது. கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் அந்தச் சோதனைகளில் பல சிறியவை, தரமும் ஒரே சீராக இல்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகக் கொடுத்த சோதனைகளில் பலன் தெளிவாகத் தெரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், மெட்ஃபார்மின் மாத்திரை பொதுவாக ஒரு புள்ளி அளவுக்குக் குறைக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் சான்று இதைவிடப் பல மடங்கு வலுவானது.

ஆகவே, 9இலிருந்து 6க்கு இறங்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரைப் புள்ளி இறங்கினால் அதுவே நல்ல பலன்.

2. யார் தொடங்கவே கூடாது

கர்ப்பிணிகள் சமையலில் தாளிக்கும் அளவைத் தாண்டக் கூடாது. வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இதய நோய்க்காக வார்ஃபரின் போன்ற, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம். டைப் 1 நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் வீட்டில் செய்து பார்க்கும் இந்த முறை பொருந்தாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஆகியோருக்கு ஏ1சி சரியான எண்ணைக் காட்டாது என்பதால், சாப்பிட்டாலும் பலனை அளக்க வழியில்லை.

3. காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஒரே கோப்பில் இவற்றை வையுங்கள்: கடந்த ஒரு வருடத்து இரத்தப் பரிசோதனை அறிக்கைகள், இப்போதைய மருந்துச் சீட்டு, ஆதார் நகல், குடும்ப அட்டை நகல். மாத்திரை அட்டைகளையே கையோடு கொண்டுபோவது இன்னும் நல்லது. சீட்டில் ஒன்று எழுதியிருக்க, கடையில் வேறொரு அளவு கொடுத்திருப்பது நமக்குத் தெரியாமலே நடக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்களானால், அதற்குக் கொடுத்த அட்டையையும் சேர்த்து வையுங்கள். எந்தத் தேதியில் எந்த மாத்திரை, எத்தனை நாளுக்கு என்பது அதில் பதிவாகியிருக்கும்.

கோரிமேட்டில் உள்ள ஜிப்மரில் ஏற்கெனவே பார்த்திருந்தால், அந்த மருத்துவமனை எண் இருக்கும் அட்டையைத் தொலைக்காதீர்கள். பழைய சோதனை முடிவுகளை அந்த எண்ணை வைத்துத்தான் எடுக்க முடியும். புதிதாகப் பதிவு செய்யப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும்; கடலூரிலிருந்து நிதானமாகக் கிளம்பி நடுப்பகலில் போய் நின்றால் அன்றைய பயணம் வீண்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "தினமும் பத்து கிராம் வெந்தயம் மூன்று மாதம் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், இப்போதுள்ள மாத்திரைகளோடு சேர்த்துக்கொள்ளலாமா?" அளவையும் கால எல்லையையும் சொல்லிக் கேட்டால் ஒழுங்கான பதில் கிடைக்கும். "வெந்தயம் சாப்பிடலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்டால், "சாப்பிடுங்க" என்று பொதுவாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எங்களுக்கு முதல் முறை நடந்தது அதுதான்.

4. தொடக்கச் சோதனை: இங்கே தவறினால் எல்லாம் தவறும்

அளக்க வேண்டியது ஏ1சி. வெறும் வயிற்றுச் சர்க்கரை ஒரு காலை நேரத்தின் எண் மட்டும். முந்தின நாள் இரவு சரியாகத் தூங்கவில்லை என்றாலே மாறிவிடும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது; அந்தக் காலம் முழுவதும் இரத்தத்தில் இருந்த சர்க்கரை அதிலுள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வருகிறது. அந்த ஒட்டின அளவைத்தான் ஏ1சி காட்டுகிறது. ஏ1சி 7 என்றால் இரத்தச் சர்க்கரை சராசரியாக டெசிலிட்டருக்கு 154 மில்லிகிராம், 8 என்றால் 183, 9 என்றால் 212. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை, நாளின் எந்த நேரத்திலும் இரத்தம் கொடுக்கலாம்.

ஏ1சியோடு முழு இரத்த எண்ணிக்கைச் சோதனையையும் கட்டாயம் எடுங்கள். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால், வெந்தயத்தைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் சோகைக்கு மருத்துவம் பாருங்கள். சோகை சரியாகி மூன்று மாதம் கழித்து எடுக்கும் ஏ1சிதான் உங்கள் உண்மையான தொடக்கப் புள்ளி. எங்கள் வீட்டுப் பெண்கள் பலருக்கும் ஹீமோகுளோபின் பத்தைத் தாண்டுவதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆய்வகத்தில் இரண்டு செய்திகளைக் கேளுங்கள். எந்த முறையில் ஏ1சி பார்க்கிறார்கள் என்பது ஒன்று, எச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் முறை) என்றால் நல்லது, அறிக்கையிலேயே அது அச்சாகியிருக்கும். மூன்று மாதம் கழித்தும் அதே முறை, அதே கருவிதான் இருக்குமா என்பது மற்றொன்று. சில சிறிய ஆய்வகங்கள் இரத்தத்தை எடுத்து வேறு ஊருக்கு அனுப்புகின்றன. அடுத்த முறை வேறு இடத்துக்கு அனுப்பினால், நீங்கள் அதே கடைப் படியேறினாலும் சோதனை அதே சோதனை ஆகாது.

செலவைப் பொறுத்தவரை, தனியார் ஆய்வகங்களில் ஏ1சிக்கு நாங்கள் ஒரு முறை 450 ரூபாயும் மறுமுறை 500 ரூபாயும் கொடுத்தோம். இரத்த எண்ணிக்கைக்கு ஏறத்தாழ 300. அரசு மருத்துவமனையில் பணம் இல்லை, நேரம்தான் செலவு. எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் ஏ1சி இருக்காது; இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள், இல்லையென்றால் அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்கு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

5. எந்த மூன்று மாதம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்

ஏ1சியின் மதிப்பில் ஏறத்தாழ பாதி, சோதனைக்கு முந்தைய ஒரு மாதத்தின் சர்க்கரை அளவிலிருந்து வருகிறது. இரண்டாம் சோதனைக்கு முந்தைய மாதத்தில் தீபாவளி விழுந்தால் முறுக்கும் அதிரசமும் சேர்ந்துதான் எண்ணாகும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களுக்கும் ரமலான் நோன்பு வைக்கிறவர்களுக்கும் சாப்பாட்டு நேரமே மாறிவிடும். பொங்கல் முடிந்து இரண்டு வாரம் கழித்துத் தொடங்கியது எங்களுக்குப் பொருத்தமாக இருந்தது. நடுவில் மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போன ஒரு நாளைத் தவிர வீட்டில் விசேஷம் எதுவும் வரவில்லை. நோன்பு மாதம் வருடத்துக்கு வருடம் நகர்வதால், தேதியை முன்கூட்டியே காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது 12 வாரம் வேண்டும். ஆறு வாரத்தில் அவசரப்பட்டு எடுத்தால், பழைய மாதங்களின் எண்ணும் கலந்து வந்து குழப்பும்.

6. வெந்தயம்: வாங்குவது, அளப்பது, சாப்பிடுவது

ஒரு நாளுக்குப் பத்து கிராம் என்றால் தொண்ணூறு நாளுக்கு 900 கிராம். ஆகவே ஒரு கிலோவை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். இடையில் கடை மாறினால் சரக்கும் மாறும். நான் கடலூர் பான்பரி மார்க்கெட்டில் வாங்கினேன், கிலோ 110 ரூபாய். புதுச்சேரியில் இருப்பவர்களுக்குப் பெரிய மார்க்கெட் இருக்கிறது. கல், தூசி இல்லாத, பூச்சி அரிக்காத முழு வெந்தயம் போதும். "சர்க்கரைக்கு" என்று பெயர் போட்டு விற்கும் கலவைப் பொடிகளை வாங்க வேண்டாம். அவற்றில் வெந்தயம் எவ்வளவு, நாவல் கொட்டை எவ்வளவு, வேறு என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பலன் வந்தாலும் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

அளவுக்கு ஒரு வழி: கடையில் நூறு கிராமைத் தனியாக நிறுத்துக் கட்டச் சொல்லுங்கள். வீட்டில் அதைத் தாம்பாளத்தில் கொட்டிப் பத்துக் குவியலாகப் பிரியுங்கள். ஒரு குவியல் ஒரு நாளுக்கு. அம்மா ஒரு குவியலைக் கரண்டியில் அள்ளிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவா? நான் இத்தனை நாளா இதுல கால்வாசிகூடப் போடலையே," என்றார். உண்மைதான். தலைதட்டிய மூன்று தேக்கரண்டி வெந்தயம்தான் ஏறத்தாழ பத்து கிராம். பெரும்பாலான வீடுகளில் ஊறப் போடுவது அரைத் தேக்கரண்டி. முதல் முயற்சியில் நாங்கள் செய்த மற்றொரு பிழை இது.

முதல் வாரம் நாளுக்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, இரண்டாம் வாரம் இரண்டு, பிறகு மூன்று என்று ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் முழு அளவும் சாப்பிட்டால் வயிறு உப்பும், சிலருக்குப் பேதியாகும். முழு அளவுக்கு வந்த பிறகுதான் பன்னிரண்டு வாரக் கணக்கைத் தொடங்க வேண்டும். ஐந்து கிராமைக் காலைச் சாப்பாட்டுக்கு முன்பும், ஐந்து கிராமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் எடுத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 140 பேரை மூன்று வருடம் கவனித்து 2015இல் வெளியான ஒரு இந்திய ஆய்வில் இதே அளவைத்தான் இரு வேளையாகக் கொடுத்தார்கள். வெந்தயம் எடுக்காதவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது.

ஊற வைத்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வெந்தயத்தைச் செடிக்குக் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். நார்ச்சத்தின் பெரும்பகுதி வெந்தயத்திலேயே தங்கிவிடுகிறது. வெந்தயத்தையும் மென்று தின்ன வேண்டும். ராத்திரி ஊற வைத்தால் காலையில் கசப்பு ஓரளவு குறைந்து, மெல்லுவதற்கு மென்மையாக இருக்கும். பல் இல்லாதவர்களுக்கு இலேசாக வறுத்துப் பொடித்து மோரில் கரைத்துக் கொடுக்கலாம். ஆனால் பொடியை ஒருபோதும் உலர்வாக வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்காதீர்கள். தொண்டையில் ஊறி அடைத்துக்கொள்ளும்.

வெந்தயக் களியை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது, அதில் அரிசியும் கருப்பட்டியும் இருக்கின்றன. வெந்தய தோசையும் அரிசி தோசைதான்.

இரண்டு சிறு செய்திகள். சிறுநீரிலும் வியர்வையிலும் ஒருவித இனிப்பு வாடை வரும். அது வெந்தயத்தின் வாடை, பயப்பட வேண்டாம். தைராய்டு மாத்திரை போல வெறும் வயிற்றில் சாப்பிடும் மாத்திரை இருந்தால், வெந்தயத்தின் வழவழப்பு அது உறிஞ்சப்படுவதைத் தடுக்கலாம். எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

7. மற்ற எதையும் மாற்றாதீர்கள்

இந்த மூன்று மாதமும் மாத்திரை, சாப்பாடு, நடை மூன்றும் பழையபடியே இருக்க வேண்டும். நடைப்பயிற்சியைப் புதிதாகத் தொடங்க நினைத்தால் தாராளமாகத் தொடங்குங்கள், அது வெந்தயத்தைவிடப் பெரிய நன்மை. ஆனால் அப்போது வெந்தயத்தை மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். மருத்துவர் இடையில் மாத்திரையை மாற்றினால் அவர் சொல்வதைக் கேளுங்கள், உங்கள் சோதனையைப் புதிதாகத் தொடங்குங்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, காலை வெந்தயம், இரவு வெந்தயம், மாத்திரை தவறியதா, வெளியில் சாப்பிட்டதா என்று ஐந்து கட்டம் போடுங்கள். அம்மா எழுதிய நோட்டில் 84 நாளில் 9 நாள் இரவு வெந்தயம் விட்டுப்போயிருந்தது. அது தெரிந்திருப்பது நல்லதுதான், பொய்யாக டிக் போட்டிருந்தால் எங்களைத்தான் ஏமாற்றிக்கொண்டிருப்போம்.

8. சர்க்கரை தாழ்ந்தால்

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் அம்மா கிளிமிபிரைடு போட்டு, வெந்தயமும் தின்றுவிட்டு, குழாயில் தண்ணீர் வந்ததென்று இட்லி சாப்பிடாமல் குடம் பிடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ரவிக்கை முழுக்க வியர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். குளுக்கோமீட்டர் 61 காட்டியது. மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பப் பார்த்ததில் 88. அதன் பிறகுதான் இட்லி.

70க்குக் கீழே எது வந்தாலும் இதையே செய்யுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். குளுக்கோமீட்டர் இல்லாதவர்கள் வாங்கிவிட்டுத்தான் இந்தச் சோதனையில் இறங்க வேண்டும். கருவி எங்களுக்கு 900 ரூபாய் ஆனது, சோதனைத் துண்டு ஒன்று ஏறத்தாழ 20 ரூபாய். அது காட்டும் எண் ஆய்வக எண்ணிலிருந்து பதினைந்து சதவீதம் வரை விலகலாம். ஆபத்தைக் கண்டுபிடிக்க அது போதும், வெந்தயத்தின் பலனை அளக்க உதவாது.

9. பட்டையையும் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு

நான் சேர்க்கவில்லை. 2003இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் 40 நாள் நடந்த சோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாகக் குறைந்ததை வைத்துத்தான் பட்டைக்குப் பெயர் வந்தது; அதில் ஏ1சியைப் பார்க்கவே இல்லை. பிறகு 2012இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஏ1சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. அத்துடன், கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த, ஒரே மடிப்பாகச் சுருண்ட பட்டை காசியா வகை. அதில் இயற்கையாகவே உள்ள கூமரின் என்ற வேதிப்பொருள் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்பதே தினமும் தாங்கக்கூடிய அளவு. அறுபது கிலோ எடை உள்ளவருக்கு 6 மில்லிகிராம். காசியாப் பொடி ஒரு தேக்கரண்டியிலேயே இந்த அளவு தாண்டிவிடலாம். பிரியாணிக்குப் போடுவதைப் பற்றிக் கவலை வேண்டாம், தினமும் பொடியாகக் குடிப்பதைப் பற்றித்தான் சொல்கிறேன். இலங்கையிலிருந்து வரும் மெல்லிய சுருள்பட்டையில் கூமரின் மிகக் குறைவு, விலை பல மடங்கு.

10. இரண்டாம் அறிக்கையைப் படிப்பது

பன்னிரண்டு வாரம் முடிந்ததும் அதே ஆய்வகம், அதே இரண்டு சோதனைகள். முதலில் ஹீமோகுளோபின் வரியைப் பாருங்கள். அது பழைய எண்ணை ஒட்டியே இருந்தால்தான் ஏ1சியை ஒப்பிட முடியும்.

0.2, 0.3 புள்ளி மாறியிருந்தால், மேலே போனாலும் கீழே வந்தாலும், அது சோதனையின் இயல்பான ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம். அரைப் புள்ளியோ அதற்கு மேலோ குறைந்திருந்தால் உங்கள் உடம்புக்கு வெந்தயம் உதவியிருக்க வாய்ப்பிருக்கிறது. ஏறியிருந்தால் வெந்தயத்தை மேலும் கூட்டிப் பார்ப்பதில் பயனில்லை, மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

அம்மாவுக்கு 7.7இலிருந்து 7.2 ஆனது, ஹீமோகுளோபின் 11.9க்கு 11.8. மருத்துவர் மாத்திரையைக் குறைக்கவில்லை. வெந்தயத்தைத் தொடரச் சொன்னார், மூன்று மாதம் கழித்து அதே இரண்டு சோதனைகளையும் எடுத்து வரச் சொல்லிச் சீட்டில் தேதி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு இப்போது நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.